ஆட்டாமல் பத்து வினாடி

ஃபோட்டோ எடுத்துப் பழகிய கைக்கு வீடியோ அவ்வளவு சீக்கிரம் வசப்படாது. கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும். அதே ஃபோன், அதே லென்ஸ், பட்டனின் நிறம் மட்டும்தான் சிவப்பு. ஆனால் ஃபோட்டோ எடுக்கிற கை, வேண்டிய நொடி கிடைத்ததும் கீழே இறங்கிவிடும். கண் அடுத்ததைத் தேடப் போய்விடும். வீடியோவுக்கு அந்த நொடிக்கு முன்னால் நடந்ததும் வேண்டும், பின்னால் நடந்ததும் வேண்டும். அதற்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். ஷட்டர் ஸ்பீட், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் அப்புறம்.

புதிதாக வீடியோ எடுக்கத் தொடங்கிய யாருடைய ஃபோனை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். கிளிப்புகள் இரண்டு வகையாகத்தான் இருக்கும். சில மூன்றே வினாடியில் முடிந்துபோகும். மற்றவை நாலு நிமிஷம் ஓடும். அதில் கேமரா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று போய்வந்துகொண்டே இருக்கும். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் கேமரா எதன் மேலும் நிற்காவிட்டால் பார்க்கிறவர் கண்ணும் எதன் மேலும் நிற்காது.

இதற்கு மருந்தாக வீடியோ சொல்லித்தருகிறவர்கள் பலரும் சொல்வது பத்து வினாடிக் கணக்கு. ஃப்ரேமை, அதாவது திரைக்குள் எது தெரிய வேண்டும் என்பதை, முடிவு செய்துகொண்டு, ரெக்கார்டிங்கை அழுத்தி, மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை கேமரா நகரக் கூடாது. அவ்வளவுதான் விதி. செய்து பார்த்தால்தான் பத்து வினாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆறு எண்ணும்போதே கை பரபரக்கும். வேறு எங்கோ இதைவிட நல்லதாக ஏதோ நடக்கிறது என்று தோன்றும். நடக்கட்டும்.

அந்தப் பத்தில் கடைசியில் பயன்படப்போவது மூன்றோ நாலோ வினாடிதான். பட்டனைத் தொட்டதால் வந்த ஆட்டம் அடங்க முதல் ஒன்றிரண்டு வினாடி போய்விடும். நிறுத்துவதற்காக விரல் திரும்பி வரும்போது கடைசியிலும் அதே கதை. நடுவில் இருப்பதுதான் சரக்கு. எடிட்டிங்கில் ஒரு ஷாட்டை அடுத்த ஷாட்டோடு ஒட்ட இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சத் துணி வேண்டியிருக்கிறது. செயல் தொடங்கிய பிறகு பட்டனை அழுத்தி, முடிவதற்குள் நிறுத்திவிட்டால் அந்த மிச்சம் இருக்காது. ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருவதை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியிருக்கிற கதவில் தொடங்குங்கள். அவர் வந்து, நடந்து, ஃப்ரேமை விட்டு வெளியே போகட்டும். போன பிறகும் வெறும் கதவை இரண்டு வினாடி விட்டுவையுங்கள். காலியான ஃப்ரேமுக்கு ஒரு தனி வசதி உண்டு. அதற்கு அடுத்த ஷாட்டில் அந்த ஆள் மாடியில் இருக்கலாம், வேறு ஊரில் இருக்கலாம், மறுநாளாகக்கூட இருக்கலாம். பார்க்கிறவர் கேள்வி கேட்க மாட்டார்.

இந்த ‘நகராமல் நில்’ பயிற்சிக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்றுகூட ஒரு நிமிஷத்தைத் தொடவில்லை. ஃபிலிம் சுருளின் நீளமே சுமார் 17 மீட்டர்தான். கையால் சுற்றினால் 50 வினாடியில் தீர்ந்துவிடும். கேமரா முக்காலியில் நிற்கும், நகராது. ஆக, எடுக்கிறவருக்கு இருந்த சுதந்திரம் இரண்டே இரண்டு: எங்கே நிற்பது, எப்போது சுற்ற ஆரம்பிப்பது. இன்றைக்கும் இதைவிட நல்ல முதல் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஃபோனை எதன் மேலாவது சாய்த்து வைத்து, ஒரு நிமிஷம் தொடாமல் விட்டுவிடுங்கள். நிபந்தனை என்னவென்றால், அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஃப்ரேமில் ஏதாவது நுழைய வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும், ஏதாவது வெளியேற வேண்டும். அதற்கு எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்த உடனே, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புத்தி தானாகக் குறைந்துவிடும்.

டிரைபாட் இல்லாமலும் நிலையாக எடுக்க முடியும், ஓரளவுக்கு. முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். ஃபோனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதுகுக்குச் சுவரோ தூணோ கிடைத்தால் சாய்ந்துகொள்ளலாம். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பத்து வினாடிக்கு மூச்சைப் பிடித்தால் எட்டாவது வினாடியில் உடம்பே நடுங்கும். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே எடுப்பது மேல். ஃபோன் ஆடாமல் தாங்கிப் பிடிக்கிற கருவியான கிம்பல் வாங்கலாமா என்று கேட்டால், நிற்கப் பழகும்வரை வேண்டாம் என்பேன். கையில் கிம்பல் வந்துவிட்டால் நடக்கத் தோன்றும், தேவையே இல்லாவிட்டாலும்.

சரி, கேமராவை நகர்த்தவே கூடாதா? நகர்த்தலாம், போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்தால். பான் செய்வதற்கு, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுப்பதற்கு, ஒரு பழைய உத்தி இருக்கிறது. எங்கே முடிக்கப்போகிறோமோ அந்தத் திசையைப் பார்த்துப் பாதங்களை ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் முறுக்கித் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ரெக்கார்டிங்கை அழுத்தி, சில வினாடி நின்று, முறுக்கு அவிழ்வதற்கு விட்டால், உடம்பு சௌகரியமான நிலையில் வந்து முடியும். கால்கள் தொடக்கத்தைப் பார்த்து இருந்தால் தலைகீழ்: முடியும் இடத்தில் உடம்பு இறுகி, கடைசி ஷாட் நடுங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் அசையாமல் நிற்பது இங்கேயும் கட்டாயம். வேகத்துக்கும் ஒரு உத்தேசக் கணக்கு உண்டு. ஃப்ரேமின் ஒரு ஓரத்தில் நுழையும் பொருள் மறு ஓரத்துக்குப் போய்ச் சேரச் சுமார் ஏழு வினாடி ஆக வேண்டும். அதைவிட வேகமாகத் திருப்பினால் படம் துள்ளும். ஃபோன் கேமராவில் இன்னொரு தொல்லையும் சேரும்: வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தையும் (இதற்கும் ஃப்ரேம் என்றே பெயர்) சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பதால், அது கடைசி வரிக்கு வருவதற்குள் காட்சி நகர்ந்திருக்கும். நேராக நிற்கிற விளக்குக் கம்பம் சாய்ந்து தெரியும். வேகமாக ஓடும் வண்டியிலிருந்து எடுத்த வீடியோவில் கட்டடங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதும் இதனால்தான்.

ஜூமைப் பற்றி ஒரே வரி: இரண்டடி நடக்க முடிகிற இடத்தில் விரலால் ஜூம் செய்யாதீர்கள். முகத்தை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். முகத்துக்கு மிக அருகில் போனால் வைட் லென்ஸில் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். கொஞ்சம் பின்னால் வந்து, ஃபோனில் தூரத்தைக் கிட்டே காட்டுகிற டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுப்பது முகத்துக்கு மரியாதை.

இவ்வளவும் ஒரு ஷாட்டைப் பற்றி. ஆனால் நான் உண்மையில் கற்றுக்கொண்டது என்று சொன்னால், அது என் அக்கா மகன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியதை எடுத்தபோதுதான். யாராவது ஒருவர் கையால் செய்கிற வேலை ஏதாவது ஒன்றை எடுத்துப் பழகுங்கள் என்பது ஆரம்பக்காரர்களுக்குக் கொடுக்கிற வழக்கமான பாடம். வேலைக்கு ஒரு வரிசை இருக்கும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கலாம், கைகள் ஒரே இடத்தில் இருக்கும். பஞ்சர் ஒட்டுவதில் இது எல்லாமே இருக்கிறது.

முதலில் முழு வேலையையும் தூரத்திலிருந்து ஒரே ஷாட்டாக எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். எடுக்கலாம். ஆனால் அதில் தெரிவது குனிந்த முதுகும் ஒரு சக்கரமும்தான். பஞ்சர் ஒட்டுவதில் பார்க்க வேண்டியதெல்லாம் இரண்டு அங்குலத்துக்குள் நடக்கிறது. டயர் லீவர் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே புகுந்து, டயரின் விளிம்பு ‘டப்’ என்று வெளியே வருகிற இடம். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வரும்போது, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சட்டென்று ஓர் இடத்திலிருந்து பொடிக் குமிழிகள் வரிசையாக ஏறுவது. அதை விரலால் பொத்தியதும் குமிழி நிற்பது. ஈரம் துடைத்து உப்புத்தாளால் தேய்க்கும்போது கறுப்பு ரப்பர் சாம்பல் நிறமாக வெளுப்பது. சொல்யூஷனைத் தடவியதும் பளபளவென்று இருந்தது, காயக் காய மங்குவது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி க்ளோஸ்-அப். ஒவ்வொன்றுக்கும் பத்து வினாடி.

கைகள் முடிந்ததும் முகம். கேமராவைத் தரைக்கு அருகே இறக்கி, அவன் முகத்தை மட்டும் எடுத்தேன். குமிழியைத் தேடும்போது கண் சுருங்கி உதடு முன்னால் வந்திருந்தது. அப்புறம் பின்வாங்கி, சைக்கிள் தலைகீழாக நிற்க, வாளியும் பம்பும் சுற்றிக் கிடக்க, ஒரு வைட் ஷாட். இது எங்கே நடக்கிறது என்று சொல்ல. அப்புறம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் பார்க்கிறபடியே கைகளும் டியூபும். கடைசியாக, பக்கத்தில் இருந்த சக்கரத்தின் கம்பிகளுக்கு ஊடே ஒரு ஷாட். இந்தக் கடைசி ரகம் ஆசைக்கு எடுப்பது. ஒரு வீடியோவில் ஒன்று போதும். பார்க்கிற எல்லாவற்றுக்கும் நடுவே ஓட்டை கண்டுபிடித்து அதன் வழியாக எடுப்பது ஒரு வியாதி, சீக்கிரம் தொற்றும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஓட்டை ஒன்றுதான். குமிழி வருவதைக் கைப்பக்கமும் எடுக்க வேண்டும், முகத்தையும் எடுக்க வேண்டும், இருப்பது ஒரே ஃபோன். மறுபடியும் அமுக்கச் சொன்னேன். அமுக்கினான். இன்னொரு தரம் என்றேன். “சித்தி, பஞ்சர் ஒரு தடவைதான் ஆகும். உங்க வீடியோவுக்காக இன்னொரு ஓட்டை போடட்டுமா?” என்றான். ஆனால் ஒரு கேமராவில் எடுக்கிறவருக்கு வேறு வழி இல்லை. வேலை செய்கிறவரை நிறுத்தி, திரும்பச் செய்யச் சொல்லத்தான் வேண்டும். அதற்குக் கூச்சப்படவும் கூடாது. திரும்பச் செய்யும்போது கவனிக்க வேண்டியது, முதல் தடவை இருந்த மாதிரியே இருக்கிறதா என்று. க்ளோஸ்-அப்பில் விரல்கள் ஈரமாக இருந்து, அதற்கு அடுத்த வைட் ஷாட்டில் காய்ந்திருந்தால் ஒட்டாது. சட்டைக் கையை மடித்திருந்தால் மடித்தே இருக்க வேண்டும்.

முகத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காலத்தை அதுதான் மறைக்கும். சொல்யூஷன் காயச் சில நிமிஷம் ஆகும். அதை யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. சொல்யூஷன் தடவுகிற கை, காத்திருக்கிற முகம், பேட்சை வைத்து அழுத்துகிற கை என்று மூன்று ஷாட்டை வரிசையாக வைத்தால் பத்து வினாடியில் வேலை முடிந்துவிடும். நடுவில் இருந்த நிமிஷங்கள் எங்கே போயின என்று யாரும் தேட மாட்டார்கள். தடவுகிற கையிலிருந்து நேராக அழுத்துகிற கைக்கு வெட்டினால் மட்டும் துள்ளல் தெரியும். ஒரே அளவு, ஒரே கோணம் என்பதால் ஏதோ விட்டுப்போனது போல இருக்கும். முகம் இல்லையென்றால் வாளி, பம்பு, பக்கத்தில் படுத்திருக்கிற பூனை, எதுவானாலும் சரி. இப்படி உபரியாக நாலைந்து ஷாட் எடுத்து வைப்பது எடிட்டிங்கில் உயிரைக் காப்பாற்றும்.

அந்த முகத்தில் பெரிய நடிப்பு ஒன்றும் தேவையில்லை என்பது இன்னும் வேடிக்கை. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த பரிசோதனை சினிமாப் படிப்பில் எல்லோருக்கும் வரும். ஒரு நடிகரின் உணர்ச்சி இல்லாத முகத்தை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. என் அக்கா மகன் அந்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது, அநேகமாக எப்போது விடுவார்கள் என்றுதான் நினைத்திருப்பான். குமிழிகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது ஆராய்ச்சியாளன் மாதிரி இருந்தான்.

இன்னொரு விதி, கோடு. அவனிடமிருந்து சைக்கிள்வரை ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுக்க வேண்டும். முதல் ஷாட்டில் அவன் வலது பக்கம் பார்த்திருந்தால் கடைசிவரை வலது பக்கமே பார்ப்பான். தாண்டி அந்தப் பக்கம் போனால் இடது பக்கம் பார்ப்பான். பார்க்கிறவருக்கு வேறொரு சைக்கிள் வந்துவிட்டதோ என்று இருக்கும். நான் செயின் இருக்கிற பக்கத்தையே வைத்துக்கொண்டேன். செயின் தெரிந்தால் சரியான பக்கம், தெரியாவிட்டால் தாண்டிவிட்டேன். ஷூட்டிங் பரபரப்பில் கற்பனைக் கோடெல்லாம் நினைவிருக்காது, கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது.

இனி ஃபோனுக்குள் இருக்கிற விஷயங்கள். லென்ஸைத் துடையுங்கள், பாதிப் ‘பனிமூட்டம்’ விரல் எண்ணெய்தான். ஃப்ளைட் மோடில் போடுங்கள். நின்ற வாக்கிலா படுத்த வாக்கிலா என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, நடுவில் மாற்றாதீர்கள். 4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள், 1080பி என்பது 1920-க்கு 1080. நாலு மடங்கு வித்தியாசம். எடுத்த பிறகு ஃப்ரேமை வெட்டிக்கொள்ள 4கே உதவும், மெமரியையும் அதிகம் தின்னும். பழகுவதற்கு 1080பி தாராளம்.

இவற்றைவிட முக்கியமானது ஃபோனின் ஆட்டோ செட்டிங்கை அடக்குவது. ஃபோன் ஒவ்வொரு கணமும் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தானாகத் திருத்திக்கொண்டே இருக்கும். ஃபோட்டோவில் அது சேவை. வீடியோவில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போனால் படம் முழுவதும் ஒரு நொடி இருண்டு மறுபடி வெளுக்கும். திரையில் எடுக்க வேண்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது என் வழக்கம். இருட்டாக இருப்பதை அப்புறம் ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்து வெள்ளையாகிப் போன வானத்தில் மேகத்தைத் திரும்ப வரவழைக்க முடியாது.

ஷட்டர் ஸ்பீட், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம், கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். சினிமாவில் வினாடிக்கு 24 ஃப்ரேம். பேசும் படம் வந்த 1920களின் இறுதியில்தான் இது நிலைபெற்றது. ஊமைப் படக் காலத்தில் கை சுற்றுகிற வேகம் முன்னே பின்னே இருந்தாலும் ஓடியது, ஒலி சேர்ந்த பிறகு வேகம் மாறினால் குரலே மாறிவிடும். நாம் ஃபோனில் 24, 25, 30 எதையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருந்தால் போதும். 60-ல் எடுத்து 30-ல் ஓட்டினால் பாதி வேகத்தில் ஸ்லோ மோஷன் கிடைக்கும். ஷட்டர் ஸ்பீடை ஃப்ரேம் எண்ணிக்கையின் இரட்டிப்பில் வைப்பது வழக்கம்: 25-க்கு 1/50, 30-க்கு 1/60. அப்போதுதான் அசையும் கையில் இயல்பான மங்கல் இருக்கும். வெயிலில் ஆட்டோவில் விட்டால் ஃபோன் 1/1000-க்கும் மேலே போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தியாக வெட்டி வைத்ததுபோல இருக்கும், ஓடும்போது வெட்டி வெட்டி இழுக்கும். பெரும்பாலான ஃபோன்களில் லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்க வழியில்லை. ஆகவே வெளிச்சத்தை வெளியிலேயே தடுக்க என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி. என்டி8 என்றால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும்; 1/400 கேட்ட இடத்தில் 1/50 போதும்.

வீட்டுக்குள் வந்தால் இன்னொரு கணக்கு. குழல் விளக்கும் சுமாரான எல்இடி விளக்கும் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கின்றன, மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு இரண்டு மடங்கு வேகத்தில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருக்கிற நாட்டில் வினாடிக்கு 100 துடிப்பு. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 120. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் முழுத் துடிப்புகள் அடங்கினால் எல்லா ஃப்ரேமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். அடங்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். ஆக, 50 ஹெர்ட்ஸ் நாட்டில் விளக்கொளியில் எடுக்கும்போது 30 ஃப்ரேமாகவே இருந்தாலும் 1/60 வேண்டாம், 1/50 அல்லது 1/100 வையுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் புது ஃபோனே கோளாறு என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸில் சொல்ல அதிகமில்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின், மஞ்சள் பல்பு 3000 கெல்வின் பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் இருக்கும், எந்த செட்டிங்காலும் தீராது. பல்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போங்கள்.

ஜன்னல்தான் ஆரம்பக்காரரின் ஸ்டூடியோ. ஆளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் நிழலுருவம் கிடைக்கும். நேராகப் பார்க்க வைத்தால் முகம் தட்டையாகும். சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழுந்து, முகத்துக்கு ஆழம் வரும். நிழல் அதிகமாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளையோ வெள்ளைத் துணியையோ பிடித்தால் போதும், வெளிச்சம் பட்டுத் திரும்பும். வெளிச்சம் வருகிற பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நிழல் மென்மையாகும். நடுப்பகல் சூரியன் வானத்தில் ஒரு புள்ளி, அதனால்தான் கண்ணுக்குக் கீழே கறுப்பாக விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்கு. வெளிச்சம் போதவில்லை என்று மேகமூட்டமான நாளில் ஷூட்டிங்கைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஒலி. படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். விலைமிகுந்த மைக் வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கிற மைக் வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். மின்விசிறியின் இரைச்சலோ அறையில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும். ஆக, ஃபோனைத் தள்ளி வைக்க வைக்கக் குரல் மட்டும்தான் தேயும். காலர் மைக் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டாவது ஃபோனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பேசுகிறவரின் சட்டைப் பையில் போட்டுவிடலாம். தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் ஒரு தரம் கை தட்டினால், தட்டிய ஃப்ரேமையும் தட்டிய சத்தத்தையும் எடிட்டிங்கில் பொருத்திக்கொள்ளலாம். சினிமாவின் கிளாப் போர்டு செய்வதும் இதையேதான்.

மின்விசிறியை அணையுங்கள். ஃப்ரிட்ஜ் இரைந்தால் அதையும். ஃப்ரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுவது படப்பிடிப்புக் குழுக்களில் இருக்கிற தந்திரம். சாவியைத் தேடினால்தான் ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வரும். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த அறையின் வெறும் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஒரு மௌனம் இருக்கிறது, பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் அதைப் போட்டு நிரப்பினால்தான் தையல் தெரியாது. பஞ்சர் வீடியோவில் பேச்சே இல்லை. ஆனால் டயர் விளிம்பு வெளியே வருகிற சத்தம், உப்புத்தாளின் கரகரப்பு, பம்பின் மூச்சு மூன்றையும் ஃபோனை ஒட்டி வைத்துத் தனியாகப் பதிந்து சேர்த்தேன். தூரத்து ஷாட்டுகளும் திடீரென்று கிட்டே வந்துவிட்டன.

எடிட்டிங்கில் உட்கார்ந்தால்தான் ஷூட்டிங்கின் மதிப்பெண் தெரியும். செயலி எதுவானாலும் பரவாயில்லை, வெட்டவும் ஒட்டவும் தெரிந்தால் போதும். பறந்து வருகிற, சுழன்று மறைகிற டிரான்சிஷன்களை மட்டும் தொடாதீர்கள். செயல் நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டுவது ஒரு நல்ல பழக்கம். பேட்சை எடுக்கக் கை நீள்கிறது என்பது வைட் ஷாட். நீண்ட கை பேட்சைத் தொடுகிறது என்பது க்ளோஸ்-அப். அசைவின் நடுவே வெட்டு விழுந்தால் கண் அசைவைப் பின்தொடருமே தவிர வெட்டைப் பார்க்காது. முடிந்ததும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன், ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். இரண்டிலும் எங்கே சலிப்புத் தட்டுகிறதோ அங்கே இரண்டு வினாடி குறையும். அந்த வீடியோ கடைசியில் ஒன்றரை நிமிஷத்துக்கு வந்தது, சக்கரக் கம்பி ஷாட் உட்படப் பாதி ஷாட்டுகள் வெளியே போயின. பிடித்த ஷாட்டை எடுத்துப்போட மனசு வராதுதான். தனி ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்து, இரண்டு பேர் பேசிக்கொள்வதை ஒரே ஃபோனில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒருவர் பக்கம், பிறகு மற்றவர் பக்கம் என்று அதே பேச்சை இரண்டு தரம் பேச வைக்க வேண்டியிருக்கும். அக்கா பேசச் சம்மதித்துவிட்டாள். அவள் மகனோ, எத்தனை டேக் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால்தான் வருவானாம்.